குக்ரி வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியவை: பார்சலைப் பிரிப்பதிலிருந்து முதல் வெட்டு வரை

நேபாளத்தின் காத்மாண்டுவிலோ தரானிலோ உள்ள ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த குக்ரி என்னும் வளைந்த கத்தி, மாதக்கணக்கில் காத்திருந்தபின் வீட்டு வாசலுக்கு வருகிறது. வாங்கியவர் பெட்டியைக் கிழிக்கிறார், உறையை இறுகப் பற்றி உருவுகிறார், கொல்லைப்புறத்துக்குப் போய் கண்ணில் பட்ட கட்டையை வெட்டுகிறார். அரை மணி நேரத்தில் மூன்று தவறுகள். நானும் முதல் கத்தியில் இவற்றில் இரண்டைச் செய்தவன்தான். பிறகு கனடாவில் நண்பர்களுக்கு வந்த ஏழெட்டுக் கத்திகளை உடனிருந்து பிரித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது: இங்கே வரிசைதான் முக்கியம். ஒருமுறை வெட்டிவிட்டால், கத்தியில் தெரியும் வெடிப்பு பட்டறையில் வந்ததா, உங்கள் கையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். பெட்டியைத் திறந்தபின் உள்ள வேலைகளுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

1. பார்சல் வருவதற்கு முன்: ஆர்டர் விவரத்தை ஒரே தாளில் எழுதுங்கள்

நீங்கள் கேட்டது என்ன என்பது பத்து மின்னஞ்சல்களில் சிதறிக் கிடக்கும். அதை ஒரு தாளில் சேர்த்து எழுதுங்கள். வடிவம் (ஒல்லியான சிருபாத்தேயா, அகலமான போஜ்புரேயா), அலகின் நீளம், எடை, முதுகின் தடிமன், பிடி மரமா எருமைக்கொம்பா, கத்தியின் வால் பிடிக்குள் எதுவரை போகிறது, உறையின் தோல் நிறம், சிறு கத்திகள் உண்டா இல்லையா என அனைத்தும் அதில் இருக்கட்டும்.

நீளத்தில்தான் சண்டை அதிகம் வரும். பூணிலிருந்து (பிடியும் அலகும் சேரும் இடத்தில் உள்ள உலோக வளையம்) முனைக்கு நேர்கோட்டில் அளப்பதற்கும், முதுகின் வளைவை ஒட்டி நாடா வைத்து அளப்பதற்கும் அரை அங்குலமாவது வேறுபடும். நான் "12 அங்குலம்" என்று மட்டும் எழுதிவிட்டு, வந்த கத்தி குறைவாக இருக்கிறது என்று கோபப்பட்டேன். பட்டறைக்காரர் பொறுமையாக நாடாவை வளைத்து அளந்த படத்தை அனுப்பினார். அவர் கணக்கு சரி. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

2. சட்டமும் சுங்கமும்

இந்தியாவில் இருப்பவர்கள் இதை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே படிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில், துப்பாக்கி அல்லாத ஆயுதங்களின் பட்டியலில் கிர்பானும் குக்ரியும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு என்பது அங்கே சொல்லப்படும் அளவு. வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்காகச் செய்யப்பட்டவைக்கு விலக்கு உண்டு. ஆனால் உங்கள் கத்தி அந்த விலக்குக்குள் வருமா என்று முடிவு செய்பவர் சுங்க அதிகாரி, நீங்கள் அல்ல. விவரம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

பிரிட்டனில் கத்தியை ஒப்படைப்பதற்கு முன் 18 வயது நிரம்பியதற்கான அடையாள அட்டை கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் மரமும் கொம்பும் தோலும் பூச்சித் தடுப்புச் சோதனைக்குப் போகலாம். எங்கே இருந்தாலும் விலைப்பட்டியலின் நகல் கையில் இருக்கட்டும். சர்வதேசச் சரக்குப் பட்டியலில் கத்திகளுக்குத் தலைப்பு 8211. வாள் வகைகளுக்கு 9307. பார்சலின் மேல் எந்த எண் எழுதப்படுகிறது என்பதை அனுப்புவதற்கு முன்பே விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரி குறையும் என்று "கைவினை அலங்காரப் பொருள்" எனப் பொய்யாக எழுதச் சொல்லாதீர்கள். சோதனையில் பெட்டி திறந்தால் மாட்டுவது பெறுபவர்.

தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை நேபாளத்தில் விசுவகர்மா பூஜை, தசைன், திஹார் என்று பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். பட்டறைகளில் வேலை செய்பவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மலைச்சாலைகளில் மண் சரியும். அந்த மாதங்களில் "என்ன ஆயிற்று?" என்று தினமும் எழுதுவதால் பயன் இல்லை.

3. மேசையில் தயாராக இருக்க வேண்டியவை

பழைய பருத்தித் துணிகள், அளவுகோல், சமையலறைத் தராசு, டார்ச், சிறிய நைஸ் அரம், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு சாக்பீஸ், தையல் மெஷின் எண்ணெய், கைபேசி. வெட்டுப்படாத கையுறை இருந்தால் இடது கைக்கு மட்டும் போடுங்கள். குழந்தைகளையும் ஆர்வக்கோளாறு உள்ள மைத்துனர்களையும் வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

4. குளிர்காலத்தில் வந்தால் பெட்டியை உடனே திறக்காதீர்கள்

வெளியே கடுங்குளிர், வீட்டுக்குள் வெப்பமூட்டி. மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு இது தெரியும்: உள்ளே நுழைந்ததும் கண்ணாடியில் நீர் படரும். கத்தியிலும் அதுவேதான் நடக்கும். குக்ரியின் இரும்பு பெரும்பாலும் லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து எடுத்தது. துருப்பிடிக்காத எவர்சில்வர் அல்ல. எண்ணெய் படியாத இடத்தில் ஈரம் தங்கினால் மறுநாளே செம்புள்ளி தெரியும். பெட்டியை மூடியபடியே நான்கைந்து மணி நேரம் அறையில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

திறப்பதற்கு முன் வெளிப்பெட்டியை நான்கு பக்கமும் படம் எடுங்கள். மூலை நசுங்கியிருந்தால் அதைத் தனியாக எடுங்கள். கூரியர் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வேண்டி வந்தால், பிரித்த பிறகு எடுத்த படத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

5. உறையிலிருந்து உருவுதல்

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

குக்ரியின் உறையை நேபாளத்தில் 'தாப்' என்பார்கள். இரண்டு மரத்துண்டுகளைக் குடைந்து ஒட்டி, மேலே எருமைத்தோல் போர்த்தியிருப்பார்கள். வெட்டுவாய் இருக்கும் பக்கத்தில் அந்த இரு மரங்களும் சந்திக்கும் ஒட்டு இருக்கிறது. உருவும்போது வெட்டுவாய் அந்த ஒட்டின்மேல் அழுந்தினால் மரத்தைப் பிளந்து, தோலை அறுத்து, வெளியே வந்துவிடும். அங்கே உங்கள் விரல்கள் சுற்றியிருந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நண்பர் நான்கு தையல் போட்டுக்கொண்டு தெரிந்துகொண்டார்.

சரியான முறை இது. இடது கையால் உறையின் வாய்ப்பகுதியை இரு தட்டைப் பக்கங்களிலும் பிடியுங்கள்: ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் மற்ற நான்கு விரல்கள். விரல் நுனிகள் வெட்டுவாய்ப் பக்கம், அதாவது உள்வளைவுப் பக்கம், வளைந்து போகக் கூடாது. வலது கையால் பிடியைப் பற்றி, கத்தியின் முதுகை உறையின் முதுகுப்பக்கத்தோடு அழுத்தியபடி, வளைவைப் பின்பற்றி மெதுவாக இழுங்கள். திரும்பச் செருகும்போதும் முதுகுதான் மரத்தைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும்.

புது உறை இறுக்கமாக இருப்பது இயல்பு. கடைசி ஓர் அங்குலத்துக்குச் சற்று அழுத்தம் தேவைப்படலாம். தலைகீழாகப் பிடித்தால் கத்தி விழக்கூடாது. உருவவே வரவில்லை என்றால் முழங்காலில் இடுக்கி இழுக்காதீர்கள். காய்ந்த அறையில் இரண்டு நாள் விட்டு, பிறகு மெதுவாக முயன்று பாருங்கள். மழைக்காலத்தில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய உறைகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

6. அளவும் கண்பார்வையும்

கத்தியில் இருக்கும் எண்ணெயை இப்போது துடைக்காதீர்கள். தாளை வைத்துக்கொண்டு நீளம், எடை, பூண் அருகில் முதுகின் தடிமன் ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். கைவேலையில் கால் அங்குலமும் ஐம்பது கிராமும் முன்பின் இருந்தால் நான் கேள்வி கேட்பதில்லை. அதற்கு மேல் போனால் கேட்பேன்.

பிறகு பிடியைக் கண்ணருகே கொண்டுவந்து, துப்பாக்கியால் குறி பார்ப்பதுபோல் முதுகு வழியாக முனையைப் பாருங்கள். அலகு இடமோ வலமோ சாய்ந்திருக்கிறதா? முனையில் மயிரிழை அளவு சாய்வு சகஜம். நடு அலகிலேயே வில்போல வளைந்திருந்தால் அது குறை.

புதிதாக வாங்குபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சுத்தியல் தடம், இரு பக்கமும் துல்லியமாக ஒத்துப்போகாத பள்ளக்கோடுகள், பூணில் அரம் பட்ட கீறல் ஆகியவற்றைக் குறை என்று நினைத்துப் புகார் எழுதுகிறார்கள். அவை கையால் செய்ததன் அடையாளம். அதேவேளை, பளபளப்பைப் பார்த்து மயங்கி, பிடியும் அலகும் ஒரே நேர்கோட்டில் இல்லாததைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மெருகு பட்டை தீட்டும் சக்கரத்தில் வருவது. நேர்த்தன்மை உலையில் வருவது. நான் பார்ப்பது இரண்டாவதை.

பூணுக்குச் சற்று முன்னால் வெட்டுவாயில் இருக்கும் சிறிய வெட்டு உடைப்பு அல்ல. அது 'காவ்டி', பெரும்பாலான குக்ரிகளில் இருக்கும். சிரிக்காதீர்கள், இதற்குப் பணம் திரும்பக் கேட்டவரை எனக்குத் தெரியும்.

7. வெடிப்பும் கடினமும்

நேபாளக் கொல்லர்கள் அலகு முழுவதையும் நீரில் முக்குவதில்லை. பழுக்கக் காய்ச்சிய அலகின் வெட்டுவாயில் மட்டும் கெண்டியிலிருந்து நீரைச் சீராக ஊற்றுவார்கள். இதனால் வாய் கடினமாகும், முதுகு மிருதுவாக நின்று அதிர்ச்சியைத் தாங்கும். நம் ஊர்க் கொல்லர்கள் துவைச்சல் என்று சொல்வதன் ஒரு வகைதான் இது. நீர் திடீரென்று குளிரவைப்பதால் சில சமயம் வெட்டுவாயிலிருந்து மேல்நோக்கி மயிரிழை வெடிப்பு விழும். இந்தக் குறையோடு உள்ள கத்தியை எந்தக் காரணத்துக்கும் பயன்படுத்தாதீர்கள், வீசும்போது உடையலாம்.

முதலில் டார்ச்சை அலகோடு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் பளபளப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் இருக்கும் எண்ணெயை மட்டும் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளை மேலே பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சில் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். மெக்கானிக் பட்டறைகளின் பழைய வித்தை இது.

அடுத்து அரம். வெட்டுவாயின் ஓரத்தில், அலகு அகன்றிருக்கும் வயிற்றுப்பகுதியில், எடை போடாமல் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் கடினம் சரியாக இருக்கிறது. மண்ணில் இறங்குவதுபோல் கடித்தால் அது மிருது. பூண் அருகிலும் முனையின் கடைசி அங்குலத்திலும் சற்றுக் கடித்தால் கவலைப்பட வேண்டாம். கெண்டி நீர் அதிகம் விழுவது வயிற்றில்தான், வெட்டுவதும் அதுதான். பக்கவாட்டில் தேய்க்காதீர்கள், மெருகு போய்விடும்.

8. பிடி

குக்ரியின் பிடியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கத்தியின் வால் குச்சிபோல் ஒடுங்கிப் பிடிக்குள் போகும். 'லாஹா' எனப்படும் அரக்குக் கலவையை உருக்கி ஊற்றி இறுக்கியிருப்பார்கள். மற்றது 'பானாவால்': வால் பிடியின் அகலத்துக்கே இருக்கும், இரு பக்கமும் மரப்பட்டையை வைத்து ஆணி அறைந்திருப்பார்கள்.

பிடியைக் காதருகே வைத்து லேசாகக் குலுக்குங்கள். கடகடவென்று ஒலி வந்தால் அரக்கு விட்டிருக்கிறது. பூணுக்கும் மரத்துக்கும் இடையே நகம் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் கிராமங்களில் கத்திக்குப் பிடி போட்ட அரக்கின் குணம்தான் இதற்கும். சூட்டில் இளகும், அடியில் நொறுங்கும், சாராயத்தில் கரையும். அதனால் வெந்நீரில் கழுவக் கூடாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடக் கூடாது, கோடை வெயிலில் காருக்குள் விடக் கூடாது, கைகழுவும் சானிடைசரால் பூண் அருகே துடைக்கக் கூடாது. அரிவாளின் முதுகால் தேங்காய் உடைத்துப் பழகியவர்கள் நாம்; குக்ரியில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதுகில் விழும் ஒவ்வோர் அடியும் அந்த அரக்கைத்தான் நொறுக்குகிறது.

9. கூட வரும் இரண்டு சிறு கத்திகள்

உறையின் பின்னால் செருகியிருக்கும். கூராக இருப்பது கர்தா, சில்லறை வேலைகளுக்கு. மழுங்கலாக இருப்பது சக்மக். அது செய்து முடிக்காத கத்தி அல்ல. பெரிய கத்தியின் வாயை நிமிர்த்தும் கம்பி. ஒரு நண்பர் அதைச் சாணைக்கல்லில் இரண்டு மணி நேரம் தீட்டிக் கூராக்கிவிட்டு என்னிடம் பெருமையாகக் காட்டினார்.

10. குறை இருந்தால் இப்போதே எழுதுங்கள்

இதுவரை நீங்கள் எதையும் வெட்டவில்லை, தீட்டவில்லை. விற்றவரிடம் பேச இதுவே நேரம். மூன்று படங்கள் போதும்: முழுக் கத்தி அளவுகோலோடு, குறையின் நெருக்கப் படம், விலைப்பட்டியல். "நான் கேட்டது இது, வந்தது இது, எனக்கு வேண்டியது இது" என்று மூன்று வரியில் எழுதுங்கள். கோபம் நான்காவது வரியாக வர வேண்டியதில்லை.

தளர்ந்த பிடி, சின்ன உறைக்கிழிசல் போன்றவற்றுக்குக் கத்தியைத் திருப்பி அனுப்புவது வீண். போக வர அனுப்பும் செலவு விலையைத் தொட்டுவிடும். பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்று உள்ளூரில் சரிசெய்துகொள்வதே நல்லது. வெடிப்பும் வளைவும் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை.

11. துடைத்தல், எண்ணெயிடுதல்

முதுகிலிருந்து வெட்டுவாயை நோக்கித் துடையுங்கள். வாயை ஒட்டி நீளவாக்கில் துடைத்தால் துணி அறுந்து விரல் மாட்டும். பழைய எண்ணெய் போனதும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். மெல்லிய படலம்தான் வேண்டும், குளிப்பாட்டல் அல்ல. நேபாளத்தில் கடுகெண்ணெய் பூசுவார்கள், ஆனால் பயன்படுத்தாமல் வைத்தால் அது பிசினாகிவிடும். தேங்காய் எண்ணெய் பூசிய ஒருவருக்குக் குளிர்காலத்தில் கத்தி முழுக்க வெள்ளையாக உறைந்துபோயிற்று.

12. முதல் வெட்டு

முதல் நாள் கட்டைவிரல் பருமனுள்ள பச்சைக் கிளை, கணு இல்லாதது. பத்து வெட்டு. நிறுத்தி, டார்ச்சில் வெட்டுவாயைப் பாருங்கள். ஒரு பக்கமாக மடிந்திருந்தால் சக்மக்கால் நீவி நிமிர்த்தலாம். துண்டு தெறித்திருந்தால் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். எலும்பு, உறைந்த இறைச்சி, காய்ந்த கணு எதுவும் வேண்டாம். விருந்தினர் முன்னால் ஆட்டெலும்பை வெட்டிக் காட்டப்போய் வாயில் அரிசி அளவு பல் விழுந்த கத்தி ஒன்றை நான் சரிசெய்திருக்கிறேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

தீட்டுவதற்கு மின்சாணை வேண்டாம். வாயில் நீல நிறம் தெரிந்தால் கொல்லர் நீர் ஊற்றிக் கொடுத்த கடினம் அங்கே போய்விட்டது என்று பொருள். குக்ரியின் வாய் இரு பக்கமும் சற்று உப்பியிருக்கும். தட்டையான சாணைக்கல் அந்த உப்பலை அழித்துவிடும். தடித்த தோலின் மேல் உப்புத்தாளை விரித்து, வாயைப் பின்னோக்கி இழுத்துத் தேயுங்கள். முதலில் 400 எண் தாள், பிறகு 1000, பிறகு 2000.

13. வைக்கும் இடம்

காட்சிக்கு உறையில் வையுங்கள். மாதக்கணக்கில் தொடாமல் இருக்கப் போகிறீர்கள் என்றால் உறைக்கு வெளியே, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பூட்டிய அலமாரியில். தோலில் ஈரம் தங்கும், அது அலகைத் தின்னும்.

வெப்பமூட்டி ஓடும் வீட்டில் முதல் குளிர்காலம் பிடிக்குச் சோதனைக் காலம். காற்று உலர, மரமும் கொம்பும் சுருங்கி, பூண் அருகே இடைவெளி விடும். மரப்பிடிக்கு மாதம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்துவிடுங்கள். தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருண்டு கிடந்தால் தானாகத் தீப்பிடிக்கக் கூடும். ஜனவரியில் தெரிந்த இடைவெளிக்குப் பசை வாங்கி ஊற்றாதீர்கள். ஜூலையில் மரம் மறுபடி உப்பும்போது அந்தப் பசைக்கு இடம் இல்லாமல் பிடி பிளக்கும். ஒரு வருடம் போன பிறகும் இடைவெளி அப்படியே இருந்தால் மட்டும் அடைக்கலாம்.